முன்கோபத்துக்கு வைத்தியம் உண்டா?

"அவர் கோபக்காரர்தான், ஆனா மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டார்." நம் ஊரில் முன்கோபிகளுக்குக் கிடைக்கும் நற்சான்றிதழ் இது. கத்தித் தீர்த்துவிட்டால் உள்ளே எதுவும் தங்காது, அடக்கி வைத்தால்தான் ஆபத்து என்று நாம் நம்புகிறோம். விசில் வராத குக்கர் வெடித்துவிடும் என்ற அதே கணக்கு. கோபத்துக்காக மனநல ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலரும் இந்த எதிர்பார்ப்போடுதான் வருகிறார்கள்: உள்ளே கிடப்பதையெல்லாம் கொட்டச் சொல்வார்கள், கொட்டிவிட்டு லேசாக வீட்டுக்குப் போகலாம். ஆனால் இன்றைய கோப சிகிச்சை அப்படி எதையும் செய்வதில்லை. கொட்டித் தீர்க்கும் பழக்கத்தைத்தான் அது முதலில் நிறுத்தப் பார்க்கிறது.

இந்த நம்பிக்கையை நம் ஊர் மட்டும் சுமக்கவில்லை. 1895-இல் ஹிஸ்டீரியா பற்றி எழுதிய வியன்னா மருத்துவர்கள் ப்ராய்டும் ப்ராயரும், வெளிவராத உணர்ச்சி உள்ளே தேங்கி நோயாக மாறுகிறது என்றார்கள். 1970-இல் அமெரிக்காவில் ஆர்தர் ஜானவ் என்பவர், வாய்விட்டு அலறுவதையே சிகிச்சையாக்கிப் புகழ்பெற்றார். பீட்டில்ஸ் பாடகர் ஜான் லென்னன்கூட அவரிடம் சிகிச்சைக்குப் போனவர். இப்போது பாட்டிலையும் பழைய டிவியையும் மட்டையால் அடித்து நொறுக்க மணிக்கணக்கில் வாடகைக்கு அறை தருகிறார்கள். நம் பெருநகரங்களுக்கும் அது வந்துவிட்டது. பொழுதுபோக்காக என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. சிகிச்சை என்று விளம்பரம் செய்வதுதான் இடிக்கிறது.

ஏனென்றால் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் 600 கல்லூரி மாணவர்களுக்கு வேண்டுமென்றே கோபம் மூட்டினார். அவர்கள் எழுதிய கட்டுரையை இன்னொரு மாணவர் படித்து, 'இவ்வளவு மட்டமான கட்டுரையை நான் படித்ததே இல்லை' என்ற பாணியில் குறிப்பு எழுதியதாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு ஒரு குழு, திட்டியவரின் முகத்தை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தியது. இரண்டாம் குழு உடற்பயிற்சி என்ற நினைப்போடு குத்தியது. மூன்றாம் குழு இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தது. கடைசியில் கோபம் அதிகம் இருந்தது முதல் குழுவிடம். பழிவாங்க வாய்ப்புக் கொடுத்தபோது மிகக் குறைவாகப் பழிவாங்கியது, சும்மா உட்கார்ந்திருந்த குழு. 2024-இல் சோஃபி ஷார்விக் என்பவருடன் சேர்ந்து புஷ்மன் 154 ஆய்வுகளைத் தொகுத்தார். அவற்றில் பங்கேற்றவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். உடலின் படபடப்பைக் குறைக்கும் எதுவும் கோபத்தைக் குறைக்கிறது, படபடப்பைக் கூட்டும் செயல்கள் பொதுவாகக் குறைப்பதில்லை என்பது அதன் சாரம். 'ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வா, சரியாயிடும்' என்கிறோமே, அந்த ஓட்டம்கூடக் கோபத்துக்கு அவ்வளவாக உதவவில்லை. இதயத்துக்கு நல்லது, அது வேறு கணக்கு.

அப்படியானால் சிகிச்சை என்று எதைச் செய்கிறார்கள்? இதன் தொடக்கம் 1975-இல் அமெரிக்க உளவியலாளர் ரேமண்ட் நொவாகோ எழுதிய புத்தகத்தில் இருக்கிறது. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் அப்போது முறையான சிகிச்சைகள் உருவாகிக்கொண்டிருந்தன. கோபத்தை மட்டும் குணக்கேடு என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். டொனால்ட் மைக்கன்பாம் மன அழுத்தத்துக்காக வகுத்த பயிற்சியை எடுத்து, நொவாகோ அதைக் கோபத்துக்குப் பொருத்தினார். மூன்று கட்டம். முதலில் தன் கோபம் எப்படி வேலை செய்கிறது என்று ஆள் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்து உடலைத் தணிக்கவும் எண்ணத்தைத் திருத்தவும் கற்க வேண்டும். மூன்றாவதாக, கோபமூட்டும் காட்சிகளைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கி, கற்றதை அவற்றில் பழக வேண்டும். இன்று உலகம் முழுக்க நடக்கும் கோபக் கட்டுப்பாட்டு வகுப்புகள் பெரும்பாலும் இதன் வழித்தோன்றல்கள்தான்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நாற்பது வயதுக்காரர், மனைவி கட்டாயப்படுத்தியதால் வந்திருக்கிறார்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பையனை அடிச்சிட்டேன் மேடம். செருப்பு வாசல்ல குறுக்கே கிடந்துச்சு. திடீர்னு வந்திருச்சு."

"சரி. அன்னிக்கு மதியம் என்ன சாப்பிட்டீங்க?"

அவருக்குப் புரியவில்லை. கோபத்தைப் பற்றிப் பேச வந்தால் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறார்களே. மதியம் சாப்பிடவில்லை, நாலு மணிக்கு டீயும் ஒரு வடையும். ஏன் சாப்பிடவில்லை? மூன்று மாதமாகப் பாக்கி வைத்திருக்கும் கான்ட்ராக்டர் அன்று தருவதாகச் சொல்லியிருந்தார், போனை எடுக்கவே இல்லை. ஐந்து மணிக்கு மனைவியிடமிருந்து வாட்ஸப்பில் டியூஷன் பணம் பற்றிய நினைவூட்டல். கடையை அங்கே வேலை செய்யும் பையனிடம் விட்டுவிட்டு ஆறரைக்குக் கிளம்பினால் ரயில்வே கேட் மூடியிருக்கிறது, பின்னால் ஒருவன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. வீட்டு வாசலில் செருப்பு.

ஆலோசகர் ஒரு தாளில் 1 முதல் 10 வரை கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுக்கச் சொல்கிறார். கான்ட்ராக்டர் போனை எடுக்காதபோது 4. வாட்ஸப் வந்தபோது 5. ரயில்வே கேட்டில் 7. செருப்பைப் பார்த்தபோது 9. ஆக, செருப்பின் பங்கு இரண்டே இரண்டு. 'திடீர்னு' என்று அவர் சொன்ன கோபத்துக்கு நாலைந்து மணி நேர முன்கதை இருக்கிறது.

இந்த ஒன்று முதல் பத்துவரை அளவுகோல், 2002-இல் பேட்ரிக் ரைலி, மைக்கேல் ஷாப்ஷயர் இருவரும் எழுதிய கையேட்டில் நடுநாயகமாக இருப்பது. சான் பிரான்சிஸ்கோவில் போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களோடு வேலை செய்து உருவாக்கியது. அமெரிக்க அரசின் போதை, மனநலத் துறை அதை இலவசமாக வெளியிட்டது. பன்னிரண்டு வாரம், வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரக் குழு அமர்வு. பத்து என்றால் கை மீறிவிட்டது, விளைவும் வந்துவிட்டது என்று பொருள். பத்தைத் தொட்ட பிறகு எந்த உத்தியும் செல்லாது. அதனால் பயிற்சி முழுக்க நாலுக்கும் ஏழுக்கும் நடுவில்தான். ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தி நின்ற அந்தப் பத்து நிமிடம்தான் கடைக்காரருக்குக் கிடைத்த வாய்ப்பு. வாசலில் கிடைத்தது வாய்ப்பே அல்ல.

ஏழு வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? பலருக்குத் தெரிவதில்லை, சிக்கலே அதுதான். அதனால் அடையாளங்களைத் தேடச் சொல்கிறார்கள். தாடை இறுகுகிறதா, காது சூடாகிறதா, குரல் உயர்கிறதா, சாவியை மேசையில் போடும் வேகம் கூடுகிறதா, மனசுக்குள் யாரோடாவது சண்டை ஓடிக்கொண்டிருக்கிறதா? ஒவ்வொருவருக்கும் ஒன்று முந்திக்கொண்டு வரும். அதை அவரைவிட மனைவியும் பிள்ளைகளும் நன்றாகத் தெரிந்து வைத்திருப்பார்கள் என்பது தனிக்கதை. அப்பா வண்டியை ஸ்டாண்ட் போடும் சத்தத்திலேயே அன்றைய நிலவரத்தைக் கணித்துவிடும் பிள்ளைகள் எத்தனையோ வீட்டில் உண்டு.

அடையாளம் தெரிந்த பிறகு உடல். மெதுவாக வயிறு வரை மூச்சை இழுத்து, இழுத்ததைவிட நிதானமாக விடுவது. கை முஷ்டி, தோள், தாடை என்று ஒவ்வொரு தசையாக இறுக்கித் தளர்த்துவது. கொலராடோவில் ஜெர்ரி டெஃபன்பாக்கர் வண்டி ஓட்டும்போது கொதிக்கிறவர்களுக்கு இந்தத் தளர்வுப் பயிற்சியையும் எண்ணத் திருத்தத்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். சாலைக் கோபம் குறைந்தது. நம் சாலைகளில் ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் லைசன்ஸோடு சேர்த்துக் கொடுக்கலாம். இதெல்லாம் கோபம் இல்லாத நேரத்தில் தினமும் பழகினால்தான் கோபத்தில் கை கொடுக்கும். இதைச் சொன்னால் பாதிப் பேருக்கு ஆர்வம் போய்விடுகிறது.

அப்புறம் விலகிப் போவது. இதில் நம் ஆண்கள் ஏற்கெனவே தேர்ச்சி பெற்றவர்கள் என்று தோன்றும். சண்டை முற்றினால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பதினொரு மணிக்கு டாஸ்மாக் வாசனையோடு திரும்புவார்கள். ஆலோசனையில் சொல்லும் விலகல் அது இல்லை. போகும்போது 'எனக்குக் கோபம் ஏறுது, அரை மணி நேரத்துல வந்து பேசறேன்' என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொன்ன நேரத்துக்கு வர வேண்டும். இடையில் குடிக்கக் கூடாது, வண்டியை முறுக்கக் கூடாது, வந்ததும் என்ன சொல்லி மடக்கலாம் என்று ஒத்திகை பார்க்கக் கூடாது. கடைசியில் சொன்னதுதான் ரொம்பக் கஷ்டம். தம்பதியர் சண்டைகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த ஜான் காட்மன், நாடித்துடிப்பு எகிறிய பிறகு எதிரில் இருப்பவர் சொல்வது காதிலேயே ஏறாது, உடல் அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும் என்கிறார். சும்மா நடந்துவிட்டு வந்தால் அடங்கும். நடந்துகொண்டே மனசுக்குள் சண்டை போட்டால் இரண்டு மணி நேரம் ஆனாலும் அடங்காது.

இனி எண்ணம். கடைக்காரரிடம் ஆலோசகர் கேட்கிறார்: "செருப்பைப் பார்த்ததும் மனசுல என்ன வார்த்தை ஓடுச்சு?" கொஞ்சம் யோசித்துவிட்டு அவர் சொல்கிறார்: "ஒரு மனுஷன் நாயா உழைச்சிட்டு வர்றான், இந்த வீட்ல எவனுக்காவது மரியாதை இருக்கா?" அடித்தது இந்த வாக்கியம்தான். செருப்பு ஒழுங்காக வைக்கப்படவில்லை என்பது நடந்தது. தன்னை மதிக்கவில்லை என்பது அவர் சேர்த்துக்கொண்டது. பதினோரு வயதுப் பையன் செருப்பை அப்படித்தான் தினமும் கழற்றிப் போடுகிறான். அப்பாவுக்குக் கோபம் வராத நாளிலும் அது அங்கேதான் கிடக்கிறது. 'வேணும்னே பண்றான்', 'மதிக்கல', 'இப்படி நடக்கவே கூடாது' ஆகிய மூன்றும் கோபக்காரர்களின் தலைக்குள் அடிக்கடி ஓடும் வசனங்கள். ஆலோசகர் அவற்றைத் தப்பு என்று சொல்லித் திருத்துவதில்லை. சொன்னால் இவருக்கு அவர்மேலும் கோபம் வரும். ஆதாரம் கேட்பார், வேறு காரணம் ஏதும் இருக்க முடியுமா என்று கேட்பார். அடுத்தடுத்த அமர்வுகளில் தானே கான்ட்ராக்டராக நடித்து, 'அடுத்த வாரம் பார்க்கலாம்ணே' என்று இழுத்து, கடைக்காரரைச் சூடேற்றிப் பழக்குவார். கோபப்படாமல் பாக்கியைக் கறாராகக் கேட்பதும் பயிற்சியில் ஒரு பகுதி. பல வீடுகளில் பிள்ளை வாங்கும் அடி, வெளியே கேட்கத் தயங்கிய கேள்வியிலிருந்து வருகிறது.

இந்த முறைக்குப் பலன் உண்டா? 1998-இல் ரிச்சர்ட் பெக், எஃப்ரெம் ஃபெர்னாண்டஸ் இருவரும் 1,640 பேரை உள்ளடக்கிய 50 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். சிகிச்சை பெற்றவர்களில் சராசரி ஆள், சிகிச்சை பெறாதவர்களில் 76 சதவீதம் பேரைவிட நல்ல நிலையில் இருந்தார். மந்திரம் இல்லை, ஆனால் 'பிறவிக் குணம், மாறாது' என்று கை விரிக்கிற அளவுக்கு நிலைமை இல்லை.

எல்லாக் கோபமும் கத்துவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சார்ல்ஸ் ஸ்பீல்பெர்கர் உருவாக்கிய புகழ்பெற்ற கோப வினாத்தாள், வெளியே கொட்டும் கோபத்தையும் உள்ளே தேக்கும் கோபத்தையும் தனித்தனியாக அளக்கிறது. நாலு நாள் பேசாமல் இருப்பது, சாப்பிடாமல் படுப்பது எல்லாம் இந்த இரண்டாம் வகை. வீட்டில் அதிகாரம் இல்லாதவர்களிடம் இது சர்வசாதாரணம். அவர்களிடம் போய் 'கோபத்தைக் கட்டுப்படுத்துங்கள்' என்று சொல்வது வெந்த புண்ணில் வேல். அவர்களுக்குத் தேவை நேர்மாறானது: தனக்கு என்ன வேண்டும் என்பதைச் சண்டை இல்லாமல் ஒரு வாக்கியத்தில் சொல்லப் பழகுவது.

பயிற்சியில் இறங்குவதற்கு முன் நல்ல மருத்துவர் இன்னொன்றைப் பார்ப்பார்: இது கோபம்தானா, வேறு எதன் முகமா? ஆண்களிடம் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாக வருவது உண்டு. குடி, தூக்கமின்மை, தைராய்டு மிகையாகச் சுரப்பது, இருதுருவக் கோளாறு (பைபோலார்), தலையில் பட்ட பழைய அடி எல்லாம் ஆளை வெடுக்கென்று ஆக்கும். வலிப்புக்குக் கொடுக்கும் லெவெடிராசிட்டம் மாத்திரை சிலருக்கு எரிச்சலைக் கிளப்பும். அப்படித் தெரிந்தால் தானாக நிறுத்திவிடாமல் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்ல வேண்டும். சாதுவாக இருந்த பெரியவர் அறுபதுக்கு மேல் திடீரென்று கோபக்காரர் ஆனால், முதலில் போக வேண்டியது நரம்பியல் மருத்துவரிடம்.

கோபம் தன்னளவில் ஒரு நோயாகப் பட்டியலில் இல்லை. அதற்கு அருகில் இருப்பது இடைவிட்டு வெடிக்கும் கோளாறு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் திருத்திய வரையறைப்படி, சராசரியாக வாரம் இருமுறை என மூன்று மாதத்துக்கு வசையோ கைகலப்போ, அல்லது ஓராண்டுக்குள் பொருள் உடைந்த அல்லது ஆள் காயப்பட்ட மூன்று வெடிப்புகள். அதுவும் காரணத்துக்குச் சற்றும் பொருந்தாத அளவில், திட்டமிடாமல் நடந்திருக்க வேண்டும். இதற்கு ஃப்ளூஆக்சடீன் என்ற மனச்சோர்வு மாத்திரையை எமில் கொக்காரோ குழு சோதித்துப் பார்த்திருக்கிறது. ஓரளவு குறைந்தது, முழுக்கத் தணிந்தவர்கள் பாதிக்கும் கீழே. மாத்திரை உதவும், பயிற்சிக்கு மாற்றாகாது.

சிகிச்சையின் பெரிய எதிரி என்னவென்றால், கோபம் வேலை செய்கிறது. கத்தினால் காபி வருகிறது, பில் பாஸாகிறது, வீடு அமைதியாகிறது. பதற்றமோ சோர்வோ உள்ளவர் தானாகவே உதவி தேடுவார், ஏனென்றால் வலி அவருக்கு. கோபக்காரருக்கு வலி சுற்றியிருப்பவர்களிடம் இருக்கிறது. 'என்னை ஏன் கூட்டிட்டு வந்தாங்க, அவங்களை மாத்துங்க சார்' என்றுதான் முதல் அமர்வு ஆரம்பிக்கும். அதனால் அனுபவமுள்ள ஆலோசகர் உடனே மூச்சுப்பயிற்சிக்குப் போகமாட்டார். கோபத்தால் என்ன கிடைத்தது, என்ன போனது என்று அவரையே கணக்கு எழுதச் சொல்வார். போனது பக்கத்தில் மகள் பேசாமல் போனது, கூட்டாளி பிரிந்தது எல்லாம் வரும். உடம்பையும் சேர்த்துக்கொள்ளலாம்: 1995-இல் மரே மிட்டில்மன் குழு, மாரடைப்பு வந்தவர்களிடம் விசாரித்தபோது, கடும் கோபத்துக்குப் பிந்தைய இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது தெரிந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்தச் சிகிச்சை தவறான மருந்தாகும் இடத்தைச் சொல்லியாக வேண்டும். மனைவியை அடிக்கும் கணவர். 'கோபத்துல கண்ணு மண்ணு தெரியல' என்பார். ஆனால் அதே ஆள், பத்து மடங்கு அவமானப்படுத்தும் முதலாளியை ஒருநாளும் அடித்ததில்லை. போலீஸ்காரர் வண்டியை மடக்கினால் குரல் உயர்வதில்லை. அடி எங்கே விழ வேண்டும், வெளியே தெரியாத இடமா என்பதுவரை தெரிகிறது. கட்டுப்பாடு இருக்கிறது; அதை யாரிடம் தளர்த்தலாம் என்ற அனுமதியும் இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் மினசோட்டாவின் டுலூத் நகரில் எல்லன் பென்ஸ் முதலானவர்கள் உருவாக்கிய திட்டம் இதைத்தான் அழுத்திச் சொன்னது: இது கோபப் பிரச்சினை இல்லை, அதிகாரப் பிரச்சினை. டுலூத் திட்டத்தின் பலன் குறித்தும் விமர்சனங்கள் உண்டு. ஆனால் கேள்வி சரியான கேள்வி. அடிக்கிறவருக்கு மூச்சுப்பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பினால், 'நான்தான் கவுன்சலிங் போறேனே' என்ற சான்றிதழ் அவருக்குக் கிடைக்கும்; மனைவி இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்பார்.

நம் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, இருவரையும் தனியாகவோ சேர்த்தோ ஆலோசனைக்கு அனுப்ப மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தருகிறது. அடுத்த ஆண்டு வந்த விதிகளின்படி, அடித்ததற்கு நியாயம் சொல்லும் பேச்சுக்கு ஆலோசனையில் இடமே கிடையாது. ஆலோசனை ஆரம்பிக்கும் முன்பே இதை எதிர்மனுதாரரிடம், அதாவது புகாருக்கு ஆளானவரிடம், சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் 1992-லேயே அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்துவிட்டது. ஆனால் நிலையங்களில் கவுன்சலிங் என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பது சமாதானம் பேசுவது. 'அவரு கோபமா இருக்கும்போது எதிர்த்துப் பேசாதேம்மா' என்பது சிகிச்சை இல்லை. அடி விழும் வீட்டில் முதலில் வேண்டியது பாதுகாப்பு. பெண்களுக்கான உதவி எண் 181 அதற்குத்தான்.

மற்றவர்களுக்கு வழி அவ்வளவு தூரமில்லை. மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, ஓபி சீட்டு போட்டுப் பார்க்கலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். தனியாரிடம் போவதென்றால் ஒன்றைக் கேட்டுக்கொள்வது நல்லது. மருத்துவ உளவியலாளர் என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். 'ஆலோசகர்' என்ற போர்டை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்கிறார்கள். பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. எத்தனை அமர்வு, வீட்டில் என்ன பழக வேண்டும் என்று முதல் சந்திப்பிலேயே சொல்கிறாரா என்றும் பாருங்கள். வாராவாரம் கதை கேட்டுத் தலையாட்டிவிட்டு அடுத்த தேதி கொடுப்பவரிடம் பணம்தான் தீரும்.

முன்னேற்றத்தை அளக்க மூன்று கணக்கு போதும்: எத்தனை முறை வந்தது, எவ்வளவு உக்கிரம், எவ்வளவு நேரம் நீடித்தது. மூன்றும் ஒன்றாகக் குறைய வேண்டும் என்பதில்லை. அதே எண்ணிக்கையில் கோபம் வந்தும், இரண்டு நாள் முறுக்கிக்கொண்டிருந்தவர் அரை மணியில் பேச வந்துவிட்டால் அது பெரிய மாற்றம். நடுவில் ஒருநாள் பழையபடி வெடிக்கும். அன்று 'இதெல்லாம் சரிப்படாது' என்று நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாமல் அந்த வெடிப்பையே அடுத்த அமர்வுக்கு எடுத்துப்போனால், ரயில்வே கேட் எங்கே இருந்தது என்று தேட அது நல்ல பாடம். கணக்கைக் கோபக்காரர் மட்டும் எழுதினால் எப்போதும் கொஞ்சம் நன்றாகவே இருக்கும். அதனால் வீட்டில் இன்னொருவரையும் தனியாக எழுதச் சொல்லி, இரண்டையும் ஆலோசகர் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் சரி.